வீரபத்திரன் வீட்டுத் தரை

மானாம்பதியில் வீரபத்திரன் வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவு எண்ணெல்லாம் வேண்டாம். மேட்டுத் தெருவில் நுழைந்து, எந்த வாசலில் ஒரு வேப்பஞ்சருகுகூடக் கிடக்கவில்லையோ அங்கே நின்று குரல் கொடுத்தால் போதும், அவர்தான் வெளியே வருவார். வேப்பமரம் எதிர்வீட்டுச் சடையப்பனுடையது. சருகு கொட்டுவது இவர் வாசலில். இருபத்தொரு வருஷமாக இந்த வழக்கு நடக்கிறது. மரமும் ஓயவில்லை, மனிதரும் ஓயவில்லை.

விடிவதற்கு முன்பே எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டு, வாசல் பெருக்கி, சாணி கரைத்துத் தெளித்து, கோலமும் போட்டுவிடுவார். அவருக்குத் தெரிந்தது ஒரே கோலம். நாலு புள்ளி, சுற்றி ஒரு வளையம். பொங்கலானாலும் அதுதான், ஆடி வெள்ளியானாலும் அதுதான். டீக்கடையில் சடையப்பன் விடமாட்டார்.

"இன்னா வீரபத்திரா, இன்னிக்கி எத்தினி புள்ளி?"

"நேத்து எத்தினியோ அத்தினி."

இதற்குமேல் பேச்சு வளராது. ஆம்பிளை கோலம் போடுவதைக் கேலி பண்ணிப் பண்ணி ஊரே களைத்துப்போய்விட்டது. ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருக்கும் மனிதர், மண்வெட்டியைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டாமல் கழனியை விட்டு வரமாட்டார் என்பதும் ஊருக்குத் தெரியும். அவரிடம் கயிறு இரவல் வாங்கினால் சுருட்டித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுருட்டத் தெரியாதவன் கயிறு கேட்கக் கூடாது.

பிறவியிலேயே இப்படி வந்தவர் இல்லை அவர். கல்யாணமான புதிதில் துண்டை எங்கே போட்டோம் என்றுகூட அவருக்குத் தெரியாது. பெண்டாட்டி ரேணுகா பின்னாலேயே வந்து எடுத்துவைப்பாள். மகள் சுதாவுக்கு எட்டு வயதாகும்போது ரேணுகா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கூரத்திலிருந்து வந்திருந்த அக்கா உண்ணாமலை, இன்னொரு கல்யாணப் பேச்சை மெல்ல எடுத்தாள்.

"சோறாக்கறதுக்கும் பெருக்கறதுக்கும் ஒருத்திய கட்டிக்கினு வரணுமா? எனக்குக் கை இல்லியா?" என்றார் வீரபத்திரன்.

அன்றைக்கு அவருக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. வாய் மட்டும் நன்றாக இருந்தது. அப்புறம் கையைச் சுட்டுக்கொண்டு, குழம்பைத் தீய்த்து, ஒரு வருஷத்தில் எல்லாம் பழகிக்கொண்டார். சமையல் சுமார்தான். ஆனால் அந்த வீட்டுத் தரையைப் போல ஒரு தரை அந்தத் தெருவில் கிடையாது. சிமெண்டுத் தரைதான். முகம் தெரியாத குறை.

தரை அப்படி இருப்பதற்குக் காரணம் ஒரு சட்டம். சாயந்திரம் விளக்கு வைக்கும்போது தரையில் எதுவும் கிடக்கக் கூடாது. கிடந்தால், உருப்படியான சாமானாக இருந்தால் உத்திரத்து ஆணியில் தொங்கும் கோணிச் சாக்குக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே வரும். உருப்படியில்லாதது என்று அவருக்குத் தோன்றினால் நேரே கொல்லைப்புறத்து எருக்குழிக்குப் போய்விடும். எது உருப்படி, எது குப்பை என்று தீர்ப்பு சொல்வதும் அவரேதான். மேல்முறையீடு கிடையாது.

எட்டு வயதுப் பெண்ணுக்கு எதிராகத்தான் இத்தனை சட்டமும். செருப்பு ஜோடியாக, மூக்கு வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பாவாடையை நாலாக மடிக்க வேண்டும், ஆறாக மடிக்கக் கூடாது. துடைப்பம் கதவுக்குப் பின்னால், கைப்பிடி கீழே. சுதா நன்றாகவே கற்றுக்கொண்டாள். அவள் நோட்டைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, இப்டி வெச்சிக்கணும்" என்று டீச்சர் மற்றப் பிள்ளைகளிடம் சொன்னதை வீரபத்திரன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதே சுதாவுக்கு, விளக்கு வைக்கிற நேரம் நெருங்க நெருங்க அடிவயிற்றைப் பிசையும். பசி என்று நினைத்து ஒரு பிஸ்கட் கொடுப்பார். அதற்குமேல் அவருக்குப் புரிந்ததில்லை.

இப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஓரிக்கையில் வாடகை வீடு. அவளும் புருஷன் அசோக்கும் ஒரகடம் பக்கம் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரே பெண் கீர்த்தி, ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மானாம்பதி அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் சுதா காலையில் வந்தால் சாயந்திரம் விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிடுவாள். கல்யாணமான ஏழு வருஷத்தில் அப்பா வீட்டில் அவள் தங்கியது விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான்.

அதனால் ஏப்ரல் கடைசியில் அந்தப் போன் வந்தபோது வீரபத்திரன் கட்டிலை விட்டு எழுந்து நின்றே பேசினார்.

"நைனா, எங்க மாமியாருக்கு கண்ணு ஆபரேசன். பெரிய மவன் வூட்டுக்குப் போயிட்டாங்க. மே மாசம் பூரா கீர்த்திய பாத்துக்க ஆள் இல்ல. ஒரு மாசம் உங்கிட்ட வுடலாமான்னு யோசிக்கறேன்."

"வுடு. இத்த ஒரு கேள்வின்னு கேக்கறே."

"இரு. சனிக்கெழம வந்து ரெண்டு நாள் தங்கறோம். பாத்துட்டுச் சொல்றேன்."

"இன்னாத்த பாக்கணும்?"

"உனக்கே தெரியும் நைனா," என்றாள் சுதா.

அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மறுபேச்சுப் பேசாமல் போனை வைத்தார். ஒரு மாசம் அந்த வீட்டில் குழந்தைக் குரல் கேட்கும் என்ற நினைப்பே அவரை என்னவோ செய்தது. எத்தனையோ வருஷமாக ஒரு தட்டு, ஒரு சொம்பு, ஒரு பாய். எதிரே உட்கார்ந்து ஒரு உயிர் சோறு தின்பதைப் பார்க்க அவருக்கு அப்படியொரு ஏக்கம். வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்று சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான்.

உத்திரத்திலிருந்து சாக்கை இறக்கி மடித்துப் பரணில் போட்டார். ஆணியையும் பிடுங்கினார். இரண்டே நாள். குழந்தை எதைப் போட்டாலும், எங்கே போட்டாலும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று குலதெய்வத்தின்மேல் சத்தியம் பண்ணிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நாஷ்டா வேளைக்கு அம்மாவும் பெண்ணும் வந்து இறங்கினார்கள். அசோக்குக்கு ஷிப்ட். கீர்த்தி வாசலிலேயே ஒரு செருப்பை உதறினாள். இன்னொன்று நடையில் போய்க் குப்புற விழுந்தது. பையைக் கவிழ்த்தாள். கலர் பென்சில்கள், கத்தரிக்கோல், பழைய காலண்டர்த் தாள்கள், ஒரு கையில்லாத பொம்மை. அரை மணி நேரத்தில் தரையெங்கும் வெட்டிய காகிதம். வேர்க்கடலை வேண்டும் என்றாள், வறுத்துக் கொடுத்தார். தோலை உரித்து உரித்து ஊதினாள். ஒவ்வொரு ஊதலுக்கும் வீரபத்திரனுக்கு உள்ளங்கை அரித்தது.

"மோட்டார் போட்டுட்டு வந்துடறேன்," என்று கழனிக்குப் போனார். வந்தார். பொம்மைமேல் இடறினார். "மாட்ட மாத்திக் கட்டிட்டு வந்துடறேன்," என்று மறுபடி போனார். மூன்றாவது தடவை போகக் காரணம் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் சும்மா நின்றார்.

"இன்னா, வூட்டுல குந்த முடியலியா?" என்றார் சடையப்பன். பேரப் பிள்ளைகள் நாலுபேரை வளர்த்தவர் அவர், எல்லாம் தெரிந்த ஆள்.

"பேஜாரா கீதுப்பா," என்றார் வீரபத்திரன். உண்மையைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

சுதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு காகிதக் குப்பையைத் தாண்டித் தாண்டி நடப்பதைப் பார்த்ததும், மனுஷன் நிஜமாகவே மாறிவிட்டாரோ என்றுகூட ஒரு நம்பிக்கை வந்தது. அன்று விளக்கு வைத்தபோது தரையில் ஒரு அடி இடம் காலியாக இல்லை. வீரபத்திரன் விளக்கை மட்டும் பார்த்துக் கும்பிட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை சுதா கண்விழித்தபோது கலர் பென்சில்கள் ஜன்னல் கட்டையில் உயர வரிசைப்படி படுத்திருந்தன. செருப்புகள் ஜோடியாக வாசலைப் பார்த்து நின்றன. வெட்டிய காகிதமெல்லாம் ஒரு டப்பாவில், டப்பாவுக்கு மூடி. பொம்மை சுவரில் சாய்ந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. கவுன் நாலாக மடித்திருந்தது.

"நான் எதுவும் சொல்லல. கால்ல மிதிபடுதேன்னு எடுத்து வெச்சேன்," என்றார், கேட்பதற்கு முன்பே.

கீர்த்தி பென்சில்களை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள், வரைந்தாள், திருப்பி அதே இடத்தில் அதே வரிசையில் வைத்தாள். அன்று முழுக்க அவள் அப்படித்தான் இருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? பெரியவர்கள் முகத்தில் எது ஓடுகிறது என்பது அதுகளுக்குத்தான் முதலில் தெரியும்.

பகல் சாப்பாடு முடிந்து வீரபத்திரன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கீர்த்தி கிட்டே வந்து நின்றாள். உள்ளங்கை நிறைய வேர்க்கடலைத் தோல். ஒன்றுகூடக் கீழே விழாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"தாத்தா, இத எங்க போடணும்?" என்று சன்னமாகக் கேட்டாள்.

அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எழுந்து உட்கார்ந்து குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தார்.

"சுதா, இங்க வா, பாத்தியா? ஒரு வார்த்த சொல்லல நான். அதுவே கேக்குது. எவ்ளோ அறிவு பாரு."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார் பாவம். மே மாதம் முழுக்கக் கைக்கு வந்துவிட்டதாக நினைத்தார். நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. சுதா குழந்தையின் இறுக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே போய்ப் பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"சாயந்திரம்தான் போவணும்னு சொன்னே?"

"மூணு மணி பஸ்ஸுக்கே போறோம் நைனா. மே மாசத்துக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

"நான் இன்னா பண்ணேன்? புள்ளைய ஒண்ணுமே சொல்லலியே."

"நீ சொல்லல. நீ சொல்லாமயே அவ கேக்க ஆரம்பிச்சிட்டா. ஒரு நாள்லயே இப்டின்னா ஒரு மாசம் இருந்தா இன்னா ஆவும்?" சுதா குரலை உயர்த்தவில்லை. "எனக்கு வயித்த வலிக்குது நைனா. இந்த வயசுலயும்."

இரண்டரை மணிக்கு அவர்கள் இறங்கினார்கள். கீர்த்தி கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார். தெருவில் பத்தடி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே திரும்பினார்.

வீடு ஓவென்று கிடந்தது. இரண்டு பாய், மூன்று தட்டு. கட்டிலடியில் காகிதத் துணுக்கு. அவர் கை கதவுக்குப் பின்னால் போயிற்று. துடைப்பத்தை எடுத்தார். கட்டிலடியில் தொடங்கி, நடுக்கூடம், நடை என்று சரசரவென்று பெருக்கிக்கொண்டு வந்தார். வாசற்படிக்கு உள்பக்கம் குப்பை சின்னக் குவியலாகச் சேர்ந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது வாசலில் நிழல் விழுந்தது.

சுதா நின்றுகொண்டிருந்தாள். குழந்தையின் தண்ணீர்ப் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஊருக்குக் கிளம்பியவர்கள் போய்ச் சேருகிறவரை அந்த வீட்டைப் பெருக்கக் கூடாது. இது அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். யாராவது புறப்பட்டுப் போனால், குப்பை முழங்கால் அளவு கிடந்தாலும், போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தபிறகுதான் துடைப்பத்தைத் தொடுவார்கள். ஆள் வெளியே போன கையோடு பெருக்கிக் கழுவிவிடுவது ஒரே ஒரு வீட்டில்தான். பிணம் எடுத்த வீட்டில். பாடை தெருமுனை திரும்புவதற்குள் பெண்கள் துடைப்பமும் குடமுமாக இறங்கிவிடுவார்கள்.

சுதா குப்பையைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள்.

"இன்னும் தெரு முனையக்கூட தாண்டல நைனா நாங்க," என்றாள்.

ஜன்னல் கட்டையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீரபத்திரன் முறத்தைக் கீழே வைத்தார். இருபத்தொரு வருஷத்தில் முதல்முறையாக அந்தத் துடைப்பத்தைப் பார்க்க அவருக்கு அருவருப்பாக இருந்தது. இனி அவள் வரமாட்டாள். கல்யாணம், சாவு என்றால் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவாள். பெற்ற மகளையும் பேத்தியையும் உயிரோடு இருக்கும்போதே பெருக்கித் தள்ளிவிட்டேனே என்று பதறினார். கதவைச் சாத்தவில்லை. செருப்பு மாட்டவில்லை. வெயிலில் இறங்கி நடந்தார். நடை போதாதென்று ஓடினார்.

"இன்னாப்பா, ரோட்டயும் பெருக்கப் போறியா?" என்று சடையப்பன் மரத்தடியிலிருந்து கேட்டபோதுதான் துடைப்பம் கையிலேயே இருப்பது தெரிந்தது. தூக்கிப் போடவும் தோன்றவில்லை.

பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். கீர்த்தி தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். சுதா எழுந்திருக்கவில்லை.

"வேணும்னு பெருக்கலம்மா."

"தெரியும் நைனா. உன் கைக்கு உன்ன கேக்கத் தெரியாது."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை, அதனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நடுவிலிருந்து தொடங்கினார்.

"உங்கம்மாவ எடுத்துக்கினு போனப்போ நானும் கூட போயிட்டேன் இல்ல? சுடுகாட்டுலர்ந்து வந்து தலை முழுவிட்டு உள்ள வரேன், வூடு கழுவி வுட்டுக் கெடக்குது. அவ படுத்த பாயி இல்ல. தலகாணி இல்ல. மருந்து குடிச்ச டம்ளர் இல்ல. எல்லாத்தயும் ஏறக்கட்டிட்டாங்க. அவ இருந்த வூடு மாதிரியே இல்ல. சீப்ப எடுத்துப் பாத்தேன். அவ சீப்புல எப்பவும் நாலு முடி சுத்திக்கினு இருக்கும். அதுக்கு எத்தினி நாள் அவள ஏசியிருக்கேன் தெரியுமா? அன்னிக்கி பாத்தா சீப்பு புதுசாட்டம் கீது. ஒரு முடி இல்ல."

சுதா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கி முடிவு பண்ணேன். இனிமே இந்த வூட்டுல வேற யாரும் தொடப்பத்த தொடக்கூடாது. நானே பெருக்கினா, இன்னா போவுதுன்னாவது எனக்குத் தெரியும் இல்ல? அப்டியே பழகிப்போச்சி. இப்ப நீங்க கெளம்பினதும் வூடு அன்னிக்கி மாதிரியே இருந்தது. கைய சும்மா வெச்சிருந்தா அழுதுடுவேன்னு எடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லி முடித்துவிட்டார். சாலையில் ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அந்த முடிய அவங்க யாரும் எடுக்கல," என்றாள் சுதா. "நான்தான் எடுத்தேன்."

"எத்த?"

"சீப்புல இருந்த முடிய. அத்தையெல்லாம் வூடு கழுவ வரதுக்கு முன்ன எடுத்து, விரல்ல சுத்தி ஒரு தீப்பெட்டில போட்டு வெச்சிக்கினேன். பள்ளிக்கூடத்துக்குக்கூட எடுத்துக்கினு போவேன். அம்மா எண்ண வாசன அப்டியே இருக்கும். ஒரு நாள் சாயந்திரம் கீழ வெச்சிட்டு வெளையாடப் போயிட்டேன். வரதுக்குள்ள வெளக்கு வெச்சிட்டே."

தீப்பெட்டி என்ன ஆயிற்று என்று வீரபத்திரன் கேட்கவில்லை. அந்த வீட்டில் விளக்கு வைத்தபிறகு தரையில் கிடந்த காலித் தீப்பெட்டி எங்கே போகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"எருக்குழில எறங்கி இருட்டற வரைக்கும் தேடினேன். பாவாட பூரா சாணி. 'எருக்குழில இன்னாடி ஆட்டம்'னு கால் மேலயே ரெண்டு வுட்டே."

அது அவருக்கு ஞாபகம் இருந்தது. தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி அவளைக் கழுவினார். அவள் விடாமல் அழுதாள். அடி பலமாகப் பட்டுவிட்டது என்று நினைத்து, ராத்திரி காலில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அத எங்க வெக்கணும்னு ஒரு எடம் சொல்லியிருப்பே," என்றாள் சுதா.

வீரபத்திரன் அழுதுவிட்டார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், மடியில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், பஸ் நிறுத்தத்தில். பெண்டாட்டி செத்தபோது காரியம் பார்க்க வேண்டுமே என்று நிறுத்திவைத்த அழுகை அது. சுதாவும் அழுதாள். கீர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாட்டிலைத் திறந்து தாத்தாவிடம் நீட்டினாள்.

"அந்த வருசத்து எரு நம்ம ஏரிக்கர கழனிக்குத்தான் அடிச்சோம்," என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வெளிய எங்கயும் போவல."

அழுகைக்கு நடுவில் சுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையும் இந்த மனுஷன் எங்கே வைத்தோம் என்று கணக்கு சொல்கிறாரே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது. "ஏறும்மா, ஏறு," என்றார் கண்டக்டர்.

"அடுத்த வண்டில வரோம்ணா, நீங்க போங்க," என்றாள் சுதா.

பஸ் போனதும் சுதா துணிப்பையைத் திறந்தாள். தன்னுடைய இரண்டு புடவையை மட்டும் எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு, மற்றதை அப்பாவின் பக்கம் தள்ளினாள்.

"ஒரு மாசம் இருக்கட்டும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் வரேன். ஆனா ஒண்ணு. கீழ கெடக்கறத எடுக்கறதுக்கு முன்ன அவள ஒரு வார்த்த கேக்கணும். ஒவ்வொண்ணுக்கும் கேக்கணும். குப்பன்னு நீயா முடிவு பண்ணக்கூடாது."

"கேக்கறேன்."

"மறந்துடுவே."

"மறக்கமாட்டேன்மா," என்றார் வீரபத்திரன். இத்தனை பணிவாக அவர் யாரிடமும் பேசியதில்லை.

அடுத்த பஸ்ஸில் சுதா ஏறிப் போனாள். தாத்தாவும் பேத்தியும் வீட்டுக்கு நடந்தார்கள். கதவு திறந்தபடியே இருந்தது. ஒரு கோழி உள்ளே வந்து குப்பைக் குவியலைக் கிளறிப் பாதியைக் கூடத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தது. விரட்டினார். பிறகு வாசற்படி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேத்தியையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டார். சொன்ன சொல்லை அப்போதே தொடங்கிவிடுவது நல்லது என்று பட்டது.

காகிதத் துணுக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது வேணுமா?"

"வேணும்."

"இது?" வேர்க்கடலைத் தோல்.

கீர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறாரா, நிஜமாகவா என்று யோசித்தாள். "வேணும்," என்றாள்.

"இது?" முனை உடைந்த சிவப்புப் பென்சில் துண்டு.

"வேணும்."

பிஸ்கட் கவர் வேண்டும். அறுந்த ரப்பர் பேண்டு வேண்டும். யாருடையது என்றே தெரியாத சட்டைப் பொத்தான், அதுவும் வேண்டும். இத்தனையும் இனிமேல் தன்னுடையது என்று தெரிந்ததும் கீர்த்தியின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. மடியில் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டாள். வீரபத்திரன் ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை. கடைசியில் வெறும் தூசு மட்டும் மிஞ்சியது. அதை விரலால் கலைத்தபோது நீளமாக ஒரு தலைமயிர் விரலில் சிக்கிக்கொண்டு வந்தது. காலையில் சுதா கதவோரம் உட்கார்ந்து தலை வாரியிருந்தாள்.

"இது?" என்றார்.

"அய்யே, அது அம்மா முடி தாத்தா."

"வேணாமா?"

"அது குப்ப தாத்தா. தூக்கிப் போடு."

வீரபத்திரன் அதை ஊதித் தூசு போக்கினார். சுண்டுவிரலில் மெதுவாகச் சுற்றி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.